காந்தக் கூண்டும் ஓட்டம் பிடித்த எலக்ட்ரான்களும்

திடம், திரவம், வாயு என்று மூன்று நிலைகளைப் பள்ளியில் படிக்கிறோம். வாயுவை இன்னும் சூடாக்கினால் என்ன ஆகும்? அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வெளியேறும். மிச்சம் இருக்கும் நேர்மின் அயனிகளும் விடுபட்ட எலக்ட்ரான்களும் கலந்த ஒரு கலவை கிடைக்கும். இதுதான் பிளாஸ்மா. சூரியன் பிளாஸ்மா, மின்னல் பிளாஸ்மா, டியூப்லைட்டுக்குள் ஒளிர்வதும் பிளாஸ்மாதான். 1928-ல் இந்தப் பெயரை வைத்தவர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் இருந்த இர்விங் லாங்மியூர்.

சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவைப் பூமியில் நடத்த வேண்டுமானால் பிளாஸ்மாவைப் பத்துக் கோடி டிகிரிக்குமேல் சூடாக்கி, சில நொடிகளாவது ஒரு இடத்தில் அடைத்து வைக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரம் உலகில் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத காந்தப்புலத்தையே பாத்திரமாக்கலாம் என்பதுதான் விஞ்ஞானிகளின் யோசனை. அது நடக்குமா, நடக்காதா என்ற கேள்வி 1950-களிலும் 60-களிலும் அவர்களை உலுக்கியெடுத்தது. கடைசியில் விடை கிடைத்த விதம் ஒரு துப்பறியும் கதையைப் போல இருக்கும்.

இயக்கக் கொள்கை என்றால் என்ன?

கதைக்குள் போகும் முன் ஒரு சின்ன விளக்கம். ஒரு அறைக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலை 30 டிகிரி என்கிறோம். ஆனால் அதிலுள்ள மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில மெதுவாக, சில மிக வேகமாக, பெரும்பாலானவை நடுத்தரமாக ஓடுகின்றன. எத்தனை மூலக்கூறுகள் எந்த வேகத்தில் போகின்றன என்று வரைபடம் போட்டால் மணி போன்ற வடிவம் கிடைக்கும். 1860-ல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கண்டுசொன்னது இது. 'வேகப் பரவல்' என்று பெயர். இந்தப் பரவல் காலப்போக்கில் எப்படி மாறும் என்பதற்கு 1872-ல் போல்ட்ஸ்மான் ஒரு சமன்பாடு எழுதினார். இதுதான் இயக்கக் கொள்கையின் அடிப்படை.

வெப்பநிலை என்பது இந்த மணியின் அகலத்தைச் சொல்லும் ஒரு எண். மணி வடிவம் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ஒரு கிராமத்தில் நூறு பேர் இருக்கிறார்கள், 99 பேருக்கு வருமானமே இல்லை, ஒருவருக்கு மட்டும் ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி வருமானம் ஒரு லட்சம்! கணக்கில் தவறே இல்லை, ஆனால் அந்த ஊரைப் பற்றி அந்த எண் சொல்வது சுத்தப் பொய். பிளாஸ்மாவிலும் இதே ஆபத்து உண்டு. இந்தக் கதை முழுக்க அந்தப் பொய்தான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

காற்றில் மூலக்கூறுகள் முட்டிக்கொள்ளும்போது மட்டுமே ஒன்றையொன்று உணர்கின்றன. பிளாஸ்மாவில் அப்படி இல்லை. மின்விசை வெகுதூரம் எட்டும் என்பதால் ஒவ்வொரு துகளும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான துகள்களின் இழுப்புக்கும் தள்ளலுக்கும் ஆளாகிறது. இதற்கேற்ற மோதல் கணக்கை 1936-ல் லெவ் லண்டாவ் போட்டார். 1938-ல் அனதோலி விளாசோவ் இன்னொரு வழி சொன்னார்: தனித்தனி மோதல்களை விட்டுவிட்டு, எல்லாத் துகள்களும் சேர்ந்து உண்டாக்கும் மின்புலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே பிளாஸ்மாவின் பல குணங்கள் வந்துவிடும் என்றார். லண்டாவ், கின்ஸ்பர்க், லியோன்தோவிச், ஃபோக் ஆகிய நால்வரும் 1946-ல் விளாசோவைக் கடுமையாகச் சாடிக் கட்டுரை எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில் அதே சமன்பாட்டை லண்டாவ் சரியான முறையில் தீர்த்து, மோதலே இல்லாமல்கூட பிளாஸ்மா அலை தேய்ந்துபோகும் என்று காட்டினார். 1964-ல் மாம்பெர்க், வார்ட்டன் இருவரும் அதைச் சோதனையில் கண்டார்கள். விளாசோவ் சமன்பாடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

சென்னையில் படித்தவரின் பங்கு

இந்தக் கதையில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒருவருக்கும் இடம் உண்டு. அவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1940-களின் தொடக்கத்தில் அவர் ஆராய்ந்தது பிளாஸ்மாவை அல்ல, விண்மீன் கூட்டங்களை. கூட்டத்தின் நடுவே ஓடும் ஒரு விண்மீனை மற்ற விண்மீன்களின் ஈர்ப்பு எப்படி மெதுவாக்கும் என்று 1943-ல் கணக்கிட்டார். ஈர்ப்பு விசை, மின்விசை இரண்டுமே தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைபவை. எனவே விண்மீனுக்குப் போட்ட கணக்கு எலக்ட்ரானுக்கும் பொருந்தியது. வானியலாளரான லைமன் ஸ்பிட்சர் அதை எடுத்துப் பிளாஸ்மாவுக்குப் பயன்படுத்தினார்.

அந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் ஒளிந்திருந்தது. சைக்கிளில் வேகமாகப் போனால் காற்று எதிர்ப்பு கூடும். பிளாஸ்மாவில் நேர்மாறு. எலக்ட்ரான் மிக வேகமாகப் போனால் மற்ற துகள்களின் பக்கத்தில் இருக்கும் நேரம் குறைகிறது, அதனால் உராய்வும் குறைகிறது. மின்புலம் ஒன்று இருந்துவிட்டால் போதும், ஒரு எல்லையைத் தாண்டிய எலக்ட்ரானை உராய்வால் பிடித்து நிறுத்த முடியாது. வேகம் கூடக் கூட உராய்வு குறையும், உராய்வு குறையக் குறைய வேகம் கூடும்... கடைசியில் ஓட்டம் பிடித்துவிடும்! இதற்கு முழுக் கணக்கை 1959-ல் ஹாரி டிரைசர் வெளியிட்டார். இந்த ஓட்டம் பிடித்த எலக்ட்ரான்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

சந்திரசேகர் பிறகு நேரடியாகவே பிளாஸ்மாவுக்கு வந்தார். 1957, 1958 ஆண்டுகளில் கவுஃப்மான், வாட்சன் ஆகியோருடன் சேர்ந்து, வலுவான காந்தப்புலத்தில் மோதல் அரிதான பிளாஸ்மா எப்படி நடந்துகொள்ளும், எப்போது நிலைகுலையும் என்பதை இயக்கக் கொள்கையின் வழியாக ஆராய்ந்தார்.

காந்தப்புலம் என்ன செய்கிறது?

மின்னூட்டம் உள்ள துகள் காந்தப்புலத்துக்குள் நேராக ஓட முடியாது. காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழன்றபடிதான் போகும், கம்பியில் சுற்றிய ஸ்பிரிங் மாதிரி. ஒரு டெஸ்லா புலத்தில் எலக்ட்ரான் நொடிக்கு 2,800 கோடி முறை சுழல்கிறது. 3 டெஸ்லா புலத்தில், ஒரு கோடி டிகிரி சூட்டில், அந்தச் சுழற்சி வட்டத்தின் ஆரம் மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு அளவுதான்.

இவ்வளவு வேகமான சுழற்சியை ஒவ்வொன்றாகத் தொடர வேண்டியதில்லை, சுழற்சியின் மையம் எங்கே நகர்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும் என்று 1940-ல் வழி காட்டியவர் சுவீடனின் ஹான்ஸ் ஆல்ஃப்வென். 1970-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

துகள் ஒரு கோட்டோடு கட்டுண்டிருந்தால் எப்படித் தப்பிக்கும்? மோதலால்தான். ஒவ்வொரு மோதலிலும் சுழற்சி ஆரம் அளவுக்கு ஒரு அடி நகரும். புலத்தை இரு மடங்காக்கினால் அந்த அடி பாதியாகும், கசிவு நாலில் ஒரு பங்காகும். பிளாஸ்மா சூடாகச் சூடாக மோதல்களும் குறையும், கசிவும் குறையும். காகிதத்தில் பார்த்தால் அருமையான பாத்திரம்!

போமின் சாபம்

காகிதத்தில் இருந்தது ஆய்வகத்தில் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் யுரேனியத்தைப் பிரிக்கும் வேலை நடந்தது. அதற்காகக் காந்தப்புலத்துக்குள் எரியும் மின்வில்லை ஆராய்ந்த குழுவில் டேவிட் போம் என்ற இளைஞர் இருந்தார். ஓப்பன்ஹைமரின் மாணவர். ஜே.கிருஷ்ணமூர்த்தியுடன் உரையாடல்கள் நடத்தியவர் என்று தமிழ் வாசகர்களில் சிலர் அறிந்திருக்கும் அதே போம்தான்.

பிளாஸ்மா எதிர்பார்த்ததைவிட மிக வேகமாகக் கசிவதை அந்தக் குழு கண்டது. போம் ஒரு சூத்திரம் எழுதினார். 1949-ல் அச்சில் வந்த அதன்படி, கசிவு வெப்பநிலைக்கு நேர்விகிதம், காந்தப்புலத்துக்கு எதிர்விகிதம், முன்னால் 1/16 என்ற எண். அந்த 1/16 எங்கிருந்து வந்தது என்று அவர் விளக்கவில்லை. அதற்குள் அவரது வாழ்க்கையே புரண்டுவிட்டது. அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு முன் சாட்சி சொல்ல மறுத்ததற்காக 1950-ல் கைதானார். வழக்கில் விடுதலையான பிறகும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வேலையைப் புதுப்பிக்கவில்லை. 1951-ல் பிரேசிலுக்குப் போய்விட்டார்.

ஆள் போய்விட்டார், சூத்திரம் போகவில்லை! அது சரி என்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். இப்போது புலத்தை இரட்டிப்பாக்கினால் கசிவு பாதிதான் குறையும். சூடாக்கினால் கசிவு கூடும். 2 மீட்டர் ஆரமுள்ள பெரிய குழாய், 5 டெஸ்லா புலம், 10 கோடி டிகிரி என்று கணக்குப் போட்டால் பிளாஸ்மா தங்கும் நேரம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. தேவையோ சில நொடிகள். அதாவது இணைவு உலை என்ற கனவை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பிரின்ஸ்டனில் ஸ்பிட்சர் 1951-ல் தொடங்கிய 'ஸ்டெல்லரேட்டர்' கருவிகள் ஒவ்வொன்றாக இந்தச் சாபத்தில்தான் மாட்டின. 1960-களில் இயங்கிய பெரிய கருவியான மாடல் சி-யும் போம் சூத்திரத்தை ஒட்டியே நின்றது. இது இயற்கையின் விதியோ என்று பலரும் நம்பத் தொடங்கினார்கள்.

இரண்டு முறை ஏமாந்த கதை

இதற்கு நடுவே இன்னொரு பக்கம் சராசரி தன் பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1952-ல் மாஸ்கோவில் லெவ் அர்ட்சிமோவிச்சின் குழு டியூட்டீரிய வாயுவில் பெரும் மின்சாரத்தைப் பாய்ச்சியபோது நியூட்ரான்கள் வந்தன. இணைவு நடந்தால் நியூட்ரான் வரும். எனவே பிளாஸ்மா அவ்வளவு சூடாகிவிட்டது என்று துள்ளிக் குதித்திருக்கலாம். ஆனால் நுணுகி ஆராய்ந்ததில் வேறு உண்மை தெரிந்தது. பிளாஸ்மா நெளிந்து ஒடியும்போது உண்டான மின்புலத்தில் சில அயனிகள் மட்டும் வேகம் பெற்று நியூட்ரான்களை உண்டாக்கியிருந்தன. மொத்தப் பிளாஸ்மா சூடாகவே இல்லை! 1956 ஏப்ரலில் இகோர் குர்ச்சாத்தோவ் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்துக்கே வந்து இதை வெளிப்படையாகப் பேசினார். அதுவரை ரகசியமாக இருந்த துறையில் அது பெரிய அதிர்ச்சி.

அந்தப் பேச்சைக் கேட்ட அதே ஹார்வெலில் 'ஸீட்டா' என்ற கருவி நியூட்ரான்களைத் தந்ததாக 1958 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அவை இணைவிலிருந்து வந்தவை என்பதில் 90 சதவீதம் உறுதி என்று இயக்குநர் ஜான் காக்கிராஃப்ட் நிருபர்களிடம் சொன்னார். பத்திரிகைகள் கொண்டாடின. மே மாதம் மறுப்பு வெளிவந்தது. மறுபடியும் அதே கதை, வேகம் பிடித்த சில அயனிகள்! பிரிட்டிஷ் விஞ்ஞானிகளுக்கு அது ஆறாத காயம்.

முன்பு 1955-ல் ஜெனிவாவில் நடந்த ஐ.நா. அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுக்குள் இணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்தும் வழி கிடைக்கும் என்று கணித்திருந்தார். அந்த நம்பிக்கையெல்லாம் 60-களின் நடுவில் தேய்ந்துபோயிருந்தது.

நோவோசிபிர்ஸ்க், 1968

ரஷ்யர்கள் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். 1950-ல் ஆந்திரேய் சகாரோவும் இகோர் தாமும் யோசித்த வளைய வடிவக் கருவி அது. நம் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள குழாய். வெளியே சுருள்கள் தரும் வலுவான காந்தப்புலம் ஒன்று, பிளாஸ்மாவுக்குள்ளேயே பாயும் மின்சாரம் தரும் புலம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து கோடுகளை முறுக்கிவிடும். இதற்கு வைத்த பெயர் 'டோக்கமாக்'.

1968 ஆகஸ்டில் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் சர்வதேச மாநாடு கூடியது. டி-3 என்ற டோக்கமாக்கில் எலக்ட்ரான் வெப்பநிலை சுமார் ஒரு கோடி டிகிரியைத் தொட்டது, பிளாஸ்மா போம் சூத்திரம் சொல்வதைவிடப் பல மடங்கு நேரம் தங்கியது என்று அர்ட்சிமோவிச் அறிவித்தார்.

பலர் நம்பவில்லை, அதற்கு நியாயமும் இருந்தது. ரஷ்யர்கள் வெப்பநிலையை நேராக அளக்கவில்லை. பிளாஸ்மாவின் காந்த விளைவை அளந்து, மொத்த ஆற்றலைக் கண்டு, எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்தார்கள். அதாவது சராசரி! டோக்கமாக்கில் மின்சாரம் பாய்கிறது, அதற்கு மின்புலம் உண்டு. மின்புலம் இருந்தால்...? ஆம், ஓட்டம் பிடித்த எலக்ட்ரான்கள்! அந்தச் சிலர் கையில் ஆற்றலெல்லாம் குவிந்திருக்க, மீதிக் கூட்டம் குளிர்ந்தே கிடக்கலாம் அல்லவா? கிராமத்துக் கோடீஸ்வரன் கதைதான்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, சராசரியை விட்டுவிட்டு வேகப் பரவலையே நேரில் பார்ப்பதுதான். அந்தக் கலையில் அப்போது முன்னணியில் இருந்தவர்கள் இங்கிலாந்தின் கல்ஹம் ஆய்வகத்தினர். ஸீட்டா அவமானத்தைச் சுமந்த அதே பிரிட்டிஷ் குழுக்களின் வாரிசுகள். கல்ஹம் இயக்குநர் பீஸ் அவர்களிடம் அர்ட்சிமோவிச் துணிந்து கேட்டார்: உங்கள் லேசரைக் கொண்டு மாஸ்கோவுக்கு வந்து நீங்களே அளந்து பாருங்கள் என்று.

பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். அந்த மாநாடு முடிந்த சில வாரங்களிலேயே சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்துவிட்டன. அணுகுண்டு பிறந்த குர்ச்சாத்தோவ் நிறுவனத்துக்குள் மேற்கத்திய விஞ்ஞானிகள் மாதக்கணக்கில் வேலை செய்வது நினைத்தே பார்க்க முடியாத விஷயம். ஆனாலும் நடந்தது! நிக்கோல் பீக்காக் தலைமையில் டெரிக் ராபின்சன், ஃபாரஸ்ட், வில்காக் ஆகியோர் 1969-ல் டன் கணக்கில் கருவிகளோடு மாஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள். ரஷ்யத் தரப்பில் சன்னிகோவ் கூட நின்றார்.

ஒளி சொன்ன சாட்சி

அவர்கள் செய்தது இதுதான். ரூபி லேசரின் சிவப்பு ஒளியைப் பிளாஸ்மாவுக்குள் பாய்ச்சினால் ஒவ்வொரு எலக்ட்ரானும் அதில் கொஞ்சத்தைச் சிதறடிக்கும். நெருங்கிவரும் ரயிலின் ஊதல் ஒலி மாறிக் கேட்பதுபோல, எலக்ட்ரானின் வேகத்துக்கு ஏற்பச் சிதறிய ஒளியின் நிறம் மாறும். எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி வந்தது என்று பிரித்துப் பார்த்தால், எத்தனை எலக்ட்ரான் எந்த வேகத்தில் போகிறது என்ற படமே கிடைத்துவிடும். மாக்ஸ்வெல் 1860-ல் காகிதத்தில் வரைந்த மணியை எலக்ட்ரான்களே ஒளியால் வரைந்து காட்டும்!

கேட்க எளிது, செய்வது மகா கஷ்டம். லட்சம் கோடி ஒளித்துகளை அனுப்பினால் ஒன்று கருவிக்கு வந்து சேர்ந்தாலே பெரிய விஷயம். கூடவே பிளாஸ்மா தானே வீசும் ஒளி வேறு கண்ணை மறைக்கும். மிகக் குறுகிய, மிக வலுவான லேசர் துடிப்பால்தான் அந்த ஒளியை மீறிச் சமிக்ஞையைப் பிடிக்க முடிந்தது.

முடிவு 1969 நவம்பர் 1 அன்று 'நேச்சர்' இதழில் வந்தது. வரைபடத்தில் தெரிந்தது மணிதான்! ஓட்டம் பிடித்த சிலர் அல்ல, ஒட்டுமொத்தக் கூட்டமே சூடாக இருந்தது. வெப்பநிலை ரஷ்யர்கள் சொன்னபடியே ஒரு கோடி டிகிரி அளவை எட்டியிருந்தது. போமின் சூத்திரம் இயற்கையின் விதி அல்ல என்பது உறுதியானது.

விளைவு உடனே தெரிந்தது. பிரின்ஸ்டன் தன் மாடல் சி ஸ்டெல்லரேட்டரைச் சில மாதங்களிலேயே டோக்கமாக்காக மாற்றியது. 1970-ல் அதிலும் ரஷ்ய முடிவுகள் உறுதிப்பட்டன. பிறகு உலகமெங்கும் டோக்கமாக்குகள் முளைத்தன. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் டோக்கமாக்கான 'ஆதித்யா' 1989-ல் காந்திநகரில் இயங்கத் தொடங்கியது.

சாபம் முழுதாகத் தீர்ந்ததா?

அதுதான் இல்லை. வளையத்தின் உட்பக்கம் காந்தப்புலம் அதிகம், வெளிப்பக்கம் குறைவு. அதனால் சில துகள்கள் உட்பக்கம் நுழைய முடியாமல் திரும்பிவிடுகின்றன. அவற்றின் பாதையைக் குறுக்குவெட்டில் வரைந்தால் வாழைப்பழ வடிவம் வரும்! மோதலின்போது இவை எடுக்கும் அடி சுழற்சி ஆரம் அல்ல, வாழைப்பழத்தின் பருமன். கசிவு பல மடங்கு கூடும். கலேயேவும் சக்தேயேவும் 1960-களின் இறுதியில் போட்ட கணக்கு இது. அளந்து பார்த்தால் எலக்ட்ரான்கள் வெப்பத்தை இழப்பது இதைவிடவும் அதிகம். காரணம், கொதிக்கும் குழம்பு போலப் பிளாஸ்மாவுக்குள் ஓயாமல் நடக்கும் நுண்ணிய கொந்தளிப்பு.

அதைக் கணக்கிட ஆல்ஃப்வெனின் பழைய யோசனையே கைகொடுத்தது. துகளின் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள், வேகத்தைச் சொல்ல மூன்று எண்கள், ஆக ஆறு. சுழற்சியில் துகள் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைச் சராசரியாக்கி நீக்கிவிட்டால் ஐந்தாகும். 1982-ல் ஃபிரீமனும் லியு சென்னும் கொந்தளிப்புக்கு ஏற்றவாறு எழுதிய சமன்பாடு இந்த அடிப்படையில் அமைந்ததே. இன்று சூப்பர் கம்ப்யூட்டர்கள் தீர்ப்பது அந்த வகைச் சமன்பாடுகளைத்தான். அதே 1982-ல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் கருவியில், பிளாஸ்மாவின் ஓரத்தில் கொந்தளிப்பு தானாக அடங்கி, தங்கும் நேரம் சட்டென்று கூடும் நிலையை ஃபிரிட்ஸ் வாக்னர் கண்டுபிடித்தார். பிரான்சில் இந்தியா உட்பட ஏழு உறுப்பினர்கள் சேர்ந்து கட்டிவரும் ஐட்டர் உலை இந்த நிலையை நம்பியே வடிவமைக்கப்பட்டது.

இங்கிலாந்தின் ஜெட் டோக்கமாக் 2023-ல், மூடப்படுவதற்குச் சற்று முன், ஒரே ஓட்டத்தில் 69 மெகாஜூல் இணைவு ஆற்றலைத் தந்து சாதனை செய்தது. அது இருந்த இடம், லேசரோடு மாஸ்கோ போனவர்களின் அதே கல்ஹம்!

ஸ்பிட்சரின் ஸ்டெல்லரேட்டரும் செத்துவிடவில்லை. 2015-ல் ஜெர்மனியில் இயங்கத் தொடங்கிய வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் கருவியின் நெளிந்த சுருள்கள், துகள் பாதைகளை இயக்கக் கொள்கையின்படி கணக்கிட்டே வளைக்கப்பட்டவை. அந்தக் கணக்கு வீண்போகவில்லை என்று 2021-ல் வெளியான முடிவுகள் காட்டின.

1958-ல் நியூட்ரானை எண்ணியவர்கள் கேட்க மறந்த கேள்வியை, 1969-ல் எதிர்முகாமிலிருந்து வந்தவர்களை விட்டே கேட்க வைத்தார் அர்ட்சிமோவிச். சராசரி எவ்வளவு என்பதோடு அவர் நிற்கவில்லை, அந்தச் சராசரிக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். சொந்த முடிவைச் சோதிக்க அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிடும் துணிச்சல் இல்லாவிட்டால், காந்தக் கூண்டின் கதை போமின் சூத்திரத்தோடு முடிந்துபோயிருக்கவும் கூடும்.